வீ ஆட்டக் கருவியின் வரைகலை, இணைய வசதிகள் பற்றிய விமர்சனங்கள்

வீ என்பது ஜப்பானைச் சேர்ந்த நின்டெண்டோ நிறுவனத்தினால் 2006ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிடப்பட்ட, தொலைக்காட்சியுடன் இணைத்துப் பயன்படுத்தப்படும் நிகழ்பட ஆட்டக் கருவி ஆகும். கையசைவை உணரும் வீ ரிமோட் என்னும் இயக்குகோலினால் இக்கருவி புகழ்பெற்றது. உற்பத்தி நிறுத்தப்படும் வரை உலகம் முழுவதும் 10 கோடியே 16 இலட்சம் கருவிகள் விற்பனையாகின. எனினும் வெளிவந்த நாள் முதலே இரண்டு குறைகள் இக்கருவியின் மீது தொடர்ந்து சுமத்தப்பட்டு வந்தன. அதன் வரைகலை சமகாலக் கருவிகளை விட ஒரு தலைமுறை பின்தங்கியிருந்தது என்பது முதலாவது. இணையத்தின் வழியே பிறருடன் விளையாடும் வசதி சிக்கலானதாகவும் குறைவுடையதாகவும் இருந்தது என்பது மற்றையது. இவ்விரு குறைகளும் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டாலும் இவற்றின் காரணங்கள் வேறுவேறானவை. முன்னையது நிறுவனம் தெரிந்தே செய்துகொண்ட பண்டமாற்று. பின்னையதை அவ்வாறு எளிதில் விளக்கிவிட முடியாது.

(தமிழில் வீ என்பது மலரைக் குறிக்கும் பழஞ்சொல் ஆகும். அதற்கும் இக்கருவியின் பெயருக்கும் தொடர்பு இல்லை. 'நாம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போல ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே இப்பெயர் இடப்பட்டது.)

பின்னணி

நின்டெண்டோவின் முந்தைய கருவியான கேம்கியூப் 2001இல் வெளிவந்தது. தொழில்நுட்ப வலிமையில் அது போட்டிக் கருவிகளுக்குக் குறைந்ததாக இருக்கவில்லை. ஆயினும் விற்பனையில் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 2 கருவியை அதனால் நெருங்கவே முடியவில்லை. வேகமான செயலியும் நேர்த்தியான படமும் மட்டுமே வாடிக்கையாளரைக் கொண்டு வந்து சேர்ப்பதில்லை என்னும் முடிவுக்கு, 2002இல் நிறுவனத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற சட்டோரு இவாட்டாவும், வன்பொருள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த கென்யோ டக்கேடாவும், ஆட்ட வடிவமைப்பாளர் சிகெரு மியாமோட்டோவும் வந்தனர். ஆட்டக் கருவி என்றாலே ஒதுங்கிப் போகும் பெற்றோரையும் முதியோரையும் எவ்வாறு உள்ளே அழைப்பது என்பதே அவர்களது கேள்வியாக மாறியது.

புதிய கருவி 'ரெவல்யூஷன்' என்னும் குறிப்பெயருடன் 2005 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடைபெற்ற ஈ3 கண்காட்சியில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் டோக்கியோவில் இயக்குகோல் காட்டப்பட்டது. 2006 ஏப்ரல் 27 அன்று 'வீ' என்னும் பெயர் வெளியானது. வட அமெரிக்காவில் 2006 நவம்பர் 19 அன்று 249.99 டாலர் விலையிலும், ஜப்பானில் டிசம்பர் 2 அன்று 25,000 யென் விலையிலும் விற்பனை தொடங்கியது. அதே நவம்பரில் வட அமெரிக்காவில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 கருவியின் விலை 499 அல்லது 599 டாலர். ஓராண்டு முன்னதாக வெளிவந்திருந்த மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ் பாக்ஸ் 360 கருவி 299 அல்லது 399 டாலருக்கு விற்கப்பட்டது. இவ்விலைகளை மனத்தில் கொள்ளாமல் வீ மீதான விமர்சனங்களை விளங்கிக்கொள்ள இயலாது.

வன்பொருளின் அளவு

வீயின் மையச் செயலி ஐபிஎம் நிறுவனம் தயாரித்த பிராட்வே ஆகும். இது 729 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. ஹாலிவுட் எனப் பெயரிடப்பட்ட வரைகலைச் செயலியை ஏடிஐ நிறுவனம் வடிவமைத்தது. அதன் வேகம் 243 மெகாஹெர்ட்ஸ். கேம்கியூப் கருவியில் இவற்றுக்கு நிகரானவை முறையே 486, 162 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கின. இரண்டிலும் உயர்வு சரியாக ஒன்றரை மடங்கு. அடிப்படை அமைப்பு ஏறத்தாழ அதுவே. இதனால் முந்தைய கருவியின் வட்டுகள் எவ்விதச் சிக்கலும் இன்றிப் புதிய கருவியில் ஓடின. அதே காரணத்தினால்தான் புதிய கருவி, பழையதன் வேகம் கூட்டிய வடிவமே என்னும் ஏளனத்துக்கும் உள்ளானது. 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற ஆட்ட உருவாக்குநர் மாநாட்டில் உருவாக்குநர் ஒருவர், இது இரண்டு கேம்கியூப்களை ஒட்டுநாடாவால் சேர்த்துக் கட்டியது போன்றது எனப் பொருள்படக் கடுமையாகப் பேசிவிட்டு, மறுநாள் மன்னிப்புக் கேட்டார். பேச்சின் தொனி பண்பற்றது எனினும் ஒப்புமை உண்மைக்கு வெகு தொலைவில் இல்லை.

நினைவகத்தில் இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது. வீயில் இருந்த முதன்மை நினைவகம் மொத்தம் 88 மெகாபைட். எக்ஸ் பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகிய இரண்டிலும் 512 மெகாபைட் இருந்தது. ஒரு காட்சியில் எத்தனை பொருட்களை வைக்கலாம், சுவரின் கல்லும் காரையும் எவ்வளவு நுணுக்கமாகத் தெரியலாம் என்பவற்றை நினைவகத்தின் அளவே பெரிதும் முடிவு செய்கிறது.

எண்களில் தெரியாத வேறுபாடு ஒன்றும் உண்டு. போட்டிக் கருவிகள் இரண்டிலும் ஷேடர் எனப்படும் சிறு நிரல்களை உருவாக்குநர் தாமே எழுதி, ஒளி ஒரு பரப்பில் எவ்வாறு பட்டுத் தெறிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு படப்புள்ளிக்கும் கட்டளையிட முடிந்தது. ஈரமான சாலை, வியர்த்த முகம், துருவேறிய இரும்பு எல்லாம் இம்முறையில் பிறந்தவை. வீயின் வரைகலைச் செயலியில் அத்தகைய நிரலாக்க வசதி இல்லை. முன்கூட்டியே வகுக்கப்பட்ட, 16 படிகள் வரை அடுக்கக்கூடிய கலவை முறை ஒன்று மட்டுமே இருந்தது. திறமையுள்ளோர் அதைக் கொண்டும் வியப்பூட்டினர். ஆனால் பிற கருவிகளுக்காக எழுதிய நிரலை அப்படியே இங்குக் கொண்டுவர முடியவில்லை.

திரையில் நிகழ்ந்தது

வீ அதிகபட்சமாக 480 கிடைக்கோடுகள் கொண்ட படத்தையே அளித்தது. (ஐரோப்பிய முறையில் 576 கோடுகள்.) 640 நிரல்களும் 480 கோடுகளும் கொண்ட படத்தில் 3,07,200 படப்புள்ளிகள் உள்ளன. உயர் வரையறைத் தொலைக்காட்சியின் தொடக்க நிலையான 1280க்கு 720 அளவில் 9,21,600 புள்ளிகள், அதாவது சரியாக மூன்று மடங்கு. 1920க்கு 1080 அளவில் அது ஆறே முக்கால் மடங்காகிறது.

படக்குழாய் கொண்ட பழைய தொலைக்காட்சியில் இக்குறை பெரிதாகத் தெரியவில்லை. அத்தொலைக்காட்சி காட்டக்கூடியதே அவ்வளவுதான். மேலும் படக்குழாயின் இயல்பான மென்மை படிக்கட்டு போன்ற விளிம்புகளை மறைத்துவிடும். தட்டையான புதிய திரைகளிலோ கதை மாறியது. இத்திரைகளில் படப்புள்ளிகளின் எண்ணிக்கை நிலையானது. சிறிய படம் உள்ளே வந்தால் தொலைக்காட்சியே இடைவெளிகளை ஊகித்து நிரப்பி, படத்தைப் பெரிதாக்க வேண்டும். அவ்வாறு பெரிதாக்கிய படம் மங்கலாகவும் விளிம்புகள் பற்களுடனும் தோன்றின. அகலத்திரைக்கென வீ கூடுதலான நிரல்களை வரையவில்லை. இருந்த நிரல்களையே பக்கவாட்டில் இழுத்து நீட்டியது. கருவியின் பெட்டியுடன் வந்த இணைப்புக் கம்பி தரத்தில் தாழ்ந்த கம்போசிட் வகை. சற்றுத் தெளிவான படத்துக்கு வேண்டிய கம்போனன்ட் கம்பியைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. எச்டிஎம்ஐ இணைப்பு இல்லவே இல்லை. புதிய தொலைக்காட்சி வாங்கிய மகிழ்ச்சியில் வீயை அதில் இணைத்தவர்கள், பழைய தொலைக்காட்சியில் இருந்ததை விடப் படம் மோசமாகிவிட்டது என்று கூறியது பிரமை அன்று.

இக்கருவியுடன் முதல் நாளே வெளிவந்த 'த லெஜண்ட் ஆஃப் செல்டா: ட்விலைட் பிரின்சஸ்' இவ்விமர்சனத்துக்குக் கையெட்டும் தூரத்தில் சான்றாக அமைந்தது. அது கேம்கியூப் கருவிக்காக உருவாக்கப்பட்ட ஆட்டம். வீ வடிவம் முதலில் வந்து, சில வாரங்களில் கேம்கியூப் வடிவமும் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அகலத்திரையைத் தவிரக் கண்ணில் பட்ட பெரிய வேறுபாடு, வீ வடிவத்தில் உலகம் முழுவதும் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாறியிருந்தது மட்டுமே. இடக்கை வீரனான லிங்க், பெரும்பாலான ஆட்டக்காரர்கள் இயக்குகோலைப் பிடிக்கும் வலக்கையில் வாள் ஏந்த வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் திருப்பிப் போட்டிருந்தனர்.

பிற உருவாக்குநர்கள் மீதான விளைவு

வரைகலைக் குறைவினால் உண்மையில் ஏற்பட்ட இழப்பு அழகு குறைந்தது அன்று, ஆட்டங்கள் வராமல் போனதே ஆகும். எக்ஸ் பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3, கணினி ஆகிய மூன்றுக்கும் ஒரே அடிப்படையில் ஆட்டம் தயாரிக்கும் வழக்கம் அக்காலத்தில் வேரூன்றியது. அதற்குப் பெரிதும் பயன்பட்ட அன்ரியல் எஞ்சின் 3 வீயில் இயங்கவில்லை. ஆகவே வீக்காகத் தனியே ஒரு குழுவை அமர்த்தி, ஆட்டத்தை மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது. பல நிறுவனங்கள் அச்செலவை ஏற்கவில்லை. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4' இக்கருவிக்கு வரவே இல்லை. 2007 நவம்பரில் பிற கருவிகளில் வெளியான 'கால் ஆஃப் டியூட்டி 4' ஆட்டம் வீயை வந்தடைய 2009 நவம்பர் ஆயிற்று. 'டெட் ரைசிங்' ஆட்டத்தின் உயிர்நாடி, திரை கொள்ளாமல் திரளும் நடைப்பிணக் கூட்டம் ஆகும். 2009இல் வந்த வீ வடிவத்தில் அக்கூட்டம் பெருமளவு மெலிந்துவிட்டது. ஆட்டத்தின் பெயர் இருந்தது, அதன் காரணம் இல்லை.

சில நிறுவனங்கள் எதிர்த்திசையில் முயன்றன. ஹை வோல்டேஜ் என்னும் அமெரிக்க நிறுவனம் வீயின் 16 படிக் கலவை முறையைப் பிழிந்தெடுத்து, பிற கருவிகளில் காணும் ஒளி விளைவுகளைப் போலச் செய்து காட்டி, 'த கண்டூயிட்' என்னும் சுடும் ஆட்டத்தை 2009 ஜூனில் வெளியிட்டது. முயற்சி பாராட்டப்பட்டது. எனினும் ஆட்டத்தின் களங்களும் கதையும் சாதாரணமானவை என்பதே பொதுவான மதிப்பீடாக அமைந்தது.

நின்டெண்டோவின் சொந்தக் குழுக்கள் தேர்ந்தெடுத்த வழி வேறு. 2007 நவம்பரில் வெளிவந்த 'சூப்பர் மரியோ கேலக்சி' உண்மையை நகல் எடுக்க முயலவில்லை. சின்னஞ்சிறு கோள்கள், அவற்றைச் சுற்றி விரிந்த வெற்றுவெளி, உருவங்களின் விளிம்பில் மட்டும் ஒளிரும் மெல்லிய ஒளிக்கோடு எனக் குறைந்த நினைவகத்துக்குள் அடங்கும் உலகம் ஒன்றை அது தேர்ந்துகொண்டது. நொடிக்கு 60 படங்கள் என்னும் வேகத்தையும் அது கைவிடவில்லை. வரைகலை பலவீனமான கருவியில் அழகான ஆட்டம் சாத்தியமே என்பதற்கு இதுவே வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. அதே வேளையில் இத்தகைய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இணைய வசதிகள்

வீயினுள்ளேயே கம்பியில்லா இணைய இணைப்பு அமைந்திருந்தது. அக்காலத்து எக்ஸ் பாக்ஸ் 360 கருவிக்கு இதனைத் தனியாக விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்ததை நினைக்கும்போது இது சிறிய வசதி அன்று. கருவி உறங்கும் நிலையில் இருக்கும்போதும் இணையத்திலிருந்து செய்திகளைப் பெறும் வீகனெக்ட்24 என்னும் சேவையும் இருந்தது. செய்தி வந்ததும் வட்டு நுழையும் பிளவைச் சுற்றி நீல ஒளி மினுமினுக்கும். வானிலை அலைவரிசையில் பூமிப்பந்தைக் கையால் சுழற்றி எந்த நகரின் வானிலையையும் காணலாம். 'எவ்ரிபடி வோட்ஸ்' அலைவரிசையில் சிறுசிறு கேள்விகளுக்கு நாடுவாரியாக மக்கள் வாக்களித்தனர். ஓப்பெரா நிறுவனத்தின் இணைய உலாவியும் கிடைத்தது. இவற்றில் ஒரு விளையாட்டுத்தனமான கற்பனை இருந்தது என்பதை விமர்சகர்களும் மறுக்கவில்லை.

அவர்களது குறை எல்லாம் இணையத்தில் ஒருவரோடொருவர் விளையாடும்போது நேர்ந்தவற்றைப் பற்றியது. 2002 நவம்பரில் தொடங்கிய எக்ஸ் பாக்ஸ் லைவ் சேவையில் ஒருவருக்கு ஒரே பெயர், எல்லா ஆட்டங்களுக்கும் ஒரே நண்பர் பட்டியல், தலையில் அணியும் ஒலிவாங்கி வழியே பேச்சு என்னும் முறை ஏற்கெனவே நடைமுறைக்கு வந்துவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த வீயில் இம்மூன்றும் இல்லை.

நண்பர் குறியெண்

வீ கருவி ஒவ்வொன்றுக்கும் 16 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று இருந்தது. இது கருவிகளுக்கிடையே செய்தி அனுப்புவதற்கு மட்டுமே உதவியது. நண்பருடன் விளையாட வேண்டுமானால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியே உருவாகும் 12 இலக்க நண்பர் குறியெண் வேண்டும். இதனைக் கருவிக்கு வெளியே, அதாவது தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ தாளில் எழுதியோதான் பரிமாறிக்கொள்ள முடியும். இருவரும் ஒருவர் எண்ணை மற்றவர் பதிந்த பின்னரே இணைப்பு உண்டாகும். ஒருவர் மட்டும் பதிந்தால் மற்றவருக்கு அறிவிப்பு எதுவும் செல்லாது. ஐந்து நண்பர்கள் மூன்று ஆட்டங்களைச் சேர்ந்து விளையாட விரும்பினால், ஒவ்வொருவரும் நான்கு எண்களை மூன்று முறை, மொத்தம் 144 இலக்கங்களை, வீ ரிமோட்டால் திரையில் ஒவ்வொன்றாகச் சுட்டி உள்ளிட வேண்டும்.

இம்முறைக்கு நிறுவனம் கூறிய காரணம் குழந்தைகளின் பாதுகாப்பு ஆகும். முன்பின் அறியாதவர் சிறுவர்களை அணுக முடியாதபடி, நேரில் அறிமுகமானவர்கள் மட்டுமே நண்பராக இயலும் என்னும் ஏற்பாடு வேண்டும் என்று கருதப்பட்டது. இணையச் சேவை எளிமையானதாகவும் பாதுகாப்பானதாகவும் கட்டணம் இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்பது இவாட்டாவின் நிலைப்பாடு. கட்டணம் இல்லை என்பது உண்மையே. எக்ஸ் பாக்ஸ் 360 கருவியில் இணையத்தில் பிறருடன் விளையாட அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 டாலர் செலுத்த வேண்டியிருந்தது. பாதுகாப்பு பற்றிய கவலையும் பொய்யன்று. எக்ஸ் பாக்ஸ் லைவ் சேவையில் வசைமொழி மலிந்திருந்தது யாவரும் அறிந்ததே. ஆயினும் பாதுகாப்புக்காக ஒரு எண் போதும். ஆட்டத்துக்கு ஒன்று என ஏன் வேண்டும் என்பதற்குப் பாதுகாப்பு விடையாகவில்லை. பெற்றோர் கடவுச்சொல் கொண்டு கட்டுப்படுத்தும் வசதி அக்கருவியிலேயே இருந்தது. வயதுவந்தோர் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொள்ள வழி செய்திருக்கலாம்.

எளிமை பற்றிய வாதத்தை இம்முறை நேரடியாகவே பொய்யாக்கியது. பாட்டியும் பெயரனும் ஒன்றாக விளையாடலாம் என்று விளம்பரம் செய்யப்பட்ட கருவியில், வேறோர் ஊரில் இருக்கும் பெயரனுடன் விளையாடப் பாட்டி 12 இலக்க எண்ணைக் கற்க வேண்டியிருந்தது.

பேச்சும் வேகமும்

குரல்வழிப் பேச்சுக்கு வழி பிறந்தது 2008 நவம்பரில். 'அனிமல் கிராசிங்' வரிசையில் அவ்வாண்டு வெளிவந்த ஆட்டத்துடன் வீ ஸ்பீக் என்னும் ஒலிவாங்கி விற்கப்பட்டது. தொலைக்காட்சிக்கு மேலே வைத்து, அறையில் உள்ள அனைவர் குரலையும் வாங்கும் அக்கருவியை ஆதரித்த ஆட்டங்கள் மிகச் சிலவே.

2008இன் முதல் மாதங்களில் வெளியான 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால்' ஏமாற்றத்தின் உச்சம் எனப்படுகின்றது. இவ்வரிசையில் இணையவழி விளையாடக்கூடிய முதல் ஆட்டம் அது என்பதால் எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது. நொடியின் அறுபதில் ஒரு பங்கு காலத்தில் அடியும் தடுப்பும் தீர்மானமாகும் சண்டை ஆட்டத்தில், ஒருவரின் இணைப்பு மந்தமானால் எல்லோருடைய ஆட்டமும் மந்தமானது. பொத்தானை அழுத்தியதற்கும் உருவம் அசைவதற்கும் இடையே உணரத்தக்க தாமதம் ஏற்பட்டது. முன்பின் தெரியாதவருடன் மோதும்போது எதிராளியின் பெயர் கூடத் தெரிவதில்லை. நல்ல எதிராளி கிடைத்தாலும் அவரை மறுபடி தேடிப்பிடிக்க வழி இல்லை.

2008 ஏப்ரலில் வந்த 'மரியோ கார்ட் வீ' இதற்கு நேர்மாறானது. ஒரே நேரத்தில் 12 பேர் உலகின் பல மூலைகளிலிருந்து போட்டியிட்டனர், பெரும்பாலும் தடங்கலின்றி. பந்தயங்களில் பெற்ற புள்ளிகள் சேர்ந்து வந்தன, மாதந்தோறும் புதிய போட்டிகள் அறிவிக்கப்பட்டன. காப்காம் நிறுவனத்தின் 'மான்ஸ்டர் ஹன்டர் ட்ரை' மேலைநாடுகளில் 2010இல் வெளிவந்தபோது நண்பர் குறியெண்ணையே ஒதுக்கிவிட்டுத் தன் சொந்த வழங்கிகளைப் பயன்படுத்தியது. ஆக, கருவியால் முடியாதது எதுவும் அங்கு இல்லை. வரைகலைக் குறைவை வன்பொருள் விதித்தது. இணையக் குறைவைக் கொள்கை விதித்தது. இவ்விரண்டு ஆட்டங்களும் அதனை வெளிப்படுத்திவிட்டன.

கடையும் சேமிப்பிடமும்

பழைய ஆட்டங்களையும், 2008 முதல் வீவேர் எனப்பட்ட சிறு புதிய ஆட்டங்களையும் இணையக் கடையிலிருந்து பதிவிறக்கலாம். ஆனால் கருவியின் உள்சேமிப்பு 512 மெகாபைட் மட்டுமே. எக்ஸ் பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகியவற்றில் 20 கிகாபைட் வன்தட்டு இருந்த காலம் அது. இந்நெருக்கடியால் வீவேர் ஆட்டங்கள் 40 மெகாபைட் எல்லைக்குள் அடங்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பதிவிறக்கிப் பதிவிறக்கி இடம் தீர்ந்தவர்கள் சிலவற்றை எஸ்டி அட்டைக்கு நகர்த்தினர். அங்கிருந்து நேரடியாக விளையாட முடியாது. விளையாட வேண்டும்போது வேறொன்றை வெளியேற்றி, இதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அட்டையிலிருந்து தொடங்கும் வசதி 2009 மார்ச் மாதத்தில்தான் அளிக்கப்பட்டது. அப்போதும் ஆட்டம் தற்காலிகமாக உள்சேமிப்புக்கு நகலெடுக்கப்பட்டே ஓடியது. சேமிப்புக் குறைவு வேறு இடங்களிலும் தலைகாட்டியது. 2008 ஜூனில் வீக்கு வந்த 'ராக் பேண்ட்' ஆட்டத்தில், பிற கருவிகளில் இருந்த இணையவழி விளையாட்டும் புதிய பாடல்களைப் பதிவிறக்கும் வசதியும் சேர்க்கப்படவில்லை.

வாங்கிய பொருள் வாங்கியவருக்கு உரியதாக இல்லாமல் கருவிக்கு உரியதாக இருந்ததே இவை எல்லாவற்றிலும் பெரிய குறை. பயனர் கணக்கு என்னும் கருத்தே வீயில் வேரூன்றவில்லை. கருவி பழுதானால் நிறுவனத்திடம் அனுப்பிச் சீர்செய்து பெறலாம். களவு போனால் வாங்கிய ஆட்டங்களும் உடன் போயின. சில ஆட்டங்களின் சேமிப்புக் கோப்புகளை அட்டையில் நகலெடுக்கவும் தடை இருந்தது. 'பிரால்', 'மரியோ கார்ட் வீ' ஆகியவை அவற்றில் அடங்கும். பல மாத உழைப்பில் சேர்த்த முன்னேற்றத்தைக் காப்பாற்றிக்கொள்ள வழியற்ற நிலை அது.

குறைகளும் விற்பனையும்

இத்தனை குறைகளையும் மீறி வீ, பிளேஸ்டேஷன் 3, எக்ஸ் பாக்ஸ் 360 ஆகிய இரண்டையும் விட அதிகமாக விற்றது. இதனைக் கொண்டு விமர்சனங்கள் பொருளற்றவை எனச் சிலர் வாதிட்டனர். ஆண்டுவாரியான விற்பனை வேறு செய்தியைத் தருகிறது. 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 2 கோடியே 59 இலட்சம் கருவிகள் விற்றன. 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் அது 98 இலட்சமாகச் சரிந்தது. இடையில் அமெரிக்கா 2009 ஜூனிலும் ஜப்பான் 2011 ஜூலையிலும் பழைய ஒப்புமை முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்தின. வீடுகளில் புதிய திரைகள் நிறைந்தன. 2006இல் பெரும்பாலோர் கவனிக்காத மங்கல் படம் 2011இல் எல்லார் வீட்டிலும் தெரிந்தது. புதுமையான ஆட்டங்கள் குறைந்தது, திறன்பேசிகளில் எளிய ஆட்டங்கள் பெருகியது என வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. உயர் வரையறைத் தொலைக்காட்சிகள் தாம் கணித்ததை விட விரைவாகப் பரவிவிட்டன என மியாமோட்டோ பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இணையம் குறித்த நிறுவனத்தின் பார்வையை 2012 டிசம்பரில் கனடாவில் வெளியான வீ மினி நன்கு காட்டுகிறது. விலை குறைக்கப்பட்ட இச்சிறு வடிவத்தில் இணைய இணைப்பு முற்றாக நீக்கப்பட்டிருந்தது. எஸ்டி அட்டைத் துளையும் இல்லை. வீ வாங்குவோருக்கு இணையம் தேவையில்லை என்னும் தீர்மானம் இதில் மறைவின்றித் தெரிந்தது.

அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, 2012 நவம்பரில், அடுத்த கருவியான வீ யு வெளிவந்தது. உயர் வரையறைப் படமும், எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவான ஒற்றைப் பயனர் பெயரும் அதில் இருந்தன. ஆறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டவை ஏறத்தாழ அனைத்தும் கொடுக்கப்பட்டன எனலாம். அக்கருவி மொத்தம் 1 கோடியே 35 இலட்சம் மட்டுமே விற்றது.

சேவைகள் நிறுத்தப்படல்

வீகனெக்ட்24 சேவையும் அதனைச் சார்ந்த வானிலை, செய்தி, வாக்கெடுப்பு அலைவரிசைகளும் 2013 ஜூனில் நிறுத்தப்பட்டன. இணையத்தில் எதிராளிகளைச் சேர்த்துவைக்கும் பணிக்கு நின்டெண்டோ, கேம்ஸ்பை என்னும் அமெரிக்கச் சேவையின் தொழில்நுட்பத்தைச் சார்ந்திருந்தது. 2014 மே மாத இறுதியில் கேம்ஸ்பை மூடப்பட்டது. அதற்குச் சில நாட்கள் முன்பு, மே 20 அன்று, வீயின் இணையவழி விளையாட்டு நின்றுபோனது. 3 கோடியே 70 இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்ற 'மரியோ கார்ட் வீ' ஆட்டத்தின் சரிபாதி அன்றோடு முடிந்தது. இணையக் கடை 2019 ஜனவரி 30 அன்று மூடப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவற்றை அதே கருவியில் மறுபடி பதிவிறக்கும் வழி அதன் பின்னரும் விட்டுவைக்கப்பட்டது. கருவியே பழுதானவர்களுக்கு அதனால் பயன் இல்லை. வட்டில் வராமல் கடையில் மட்டுமே விற்கப்பட்ட வீவேர் ஆட்டங்களை வீயில் புதிதாக வாங்க முறையான வழி எதுவும் இல்லாமற் போனது.

இரண்டு குறைகளையும் பின்னாளில் ஈடுசெய்தவர்கள் தன்னார்வலர்களே. டால்பின் என்னும் கட்டற்ற மென்பொருள், கணினியில் வீ, கேம்கியூப் கருவிகளைப் போலவே செயல்படுகின்றது. அதில் ஆட்டத்தை 1080 கோடுகளிலோ அதற்கு மேலோ வரையச் செய்யலாம். 'சூப்பர் மரியோ கேலக்சி' ஆட்டத்தை இவ்வாறு பார்க்கும்போது, ஓவியர்கள் வரைந்து வைத்திருந்த நுணுக்கங்களில் எத்தனை 480 கோடுகளுக்குள் கரைந்து போயின என்பது தெரியவருகிறது. வைம்ஃபை என்னும் தன்னார்வ வழங்கி 2014இல் இயங்கத் தொடங்கியது. 'மரியோ கார்ட் வீ' பந்தயங்கள் அதன் வழியே தொடர்ந்து நடைபெற்றன. அங்கும் நண்பர்களைச் சேர்க்க 12 இலக்கக் குறியெண்ணையே உள்ளிட வேண்டும்.